பதினொரு மணி நேரம் ஊறிய பொய்

“திருடனைப் பிடிச்சா எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல விசில். அவன் சாட்சி சொல்ல வந்தாத்தான் பிரயோஜனம்” என்றாள் திருத்தம்மா, மொபெட்டின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபடியே.

“அதாவது, சட்டையைப் பிடிக்கக் கூடாது, கையைப் பிடிக்கணும்ங்கறீங்க.”

“காலைப் பிடிக்க வேண்டி வந்தாலும் வரும். வண்டியை எடு.”

விசில் எடுத்தான். பதினாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். அடுத்தவர் புத்தகத்தைத் திருடி அச்சடித்த ஒரு பதிப்பகத்தை, அதிலிருந்த மூன்றே மூன்று எழுத்துப் பிழைகளை வைத்துப் பிடித்துக் கொடுத்தாள். அதிலிருந்து ஊரில் எது காணாமல் போனாலும் அவள் வாசலுக்கு வந்துவிடும். “சரியான விஷயத்தை ரெண்டு பேர் தனித்தனியா கண்டுபிடிக்கலாம். ஒரே தப்பை ரெண்டு பேர் கண்டுபிடிக்க முடியாது, காப்பிதான் அடிக்க முடியும்” என்பது அவள் வேதம்.

இந்த முறை காணாமல் போனது ஒரு பயறு. காணாமல் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, வேறொருவருக்குச் சொந்தமாகிக்கொண்டிருந்தது.

மைக்கண்ணி என்று அதற்குப் பெயர். வெள்ளைப் பயறு, நடுவில் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. மழை ஏமாற்றிய வருஷத்தில் மற்றதெல்லாம் கருகி நிற்க, இது மட்டும் காய்த்துத் தொங்கும். நாற்பது குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. அதனிடம் ஒரே ஒரு வீம்பு உண்டு. அப்படியே எடுத்து விதைத்தால் பாதிகூட முளைக்காது. அதனால் விதைப்புக்கு முன்னால் எல்லாரும் அவரவர் பயறை விதையக்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவள் தன் கொட்டகையில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தித் திருப்பிக் கொடுப்பாள். கூலி ஒரு கைப்பிடிப் பயறு. எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்ற பக்குவம் அவள் கையில்தான் இருந்தது.

இப்போது ஒரு விதைக் கம்பெனி, மைக்கண்ணியைத் தானே உருவாக்கியதாகவும், அதை ஊறவைக்கும் முறையைத் தன் ஆய்வகமே கண்டுபிடித்ததாகவும் சொல்லித் தனியுரிமை கேட்டிருந்தது. உரிமை கிடைத்துவிட்டால், தன் வயலில் விளைந்ததைத் தானே எடுத்துவைத்து அடுத்த வருஷம் விதைப்பது குற்றம். இரண்டு குடும்பங்களுக்கு எச்சரிக்கை நோட்டீஸே வந்துவிட்டது. எதிர்ப்பு மனுப் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன்.

கம்பெனியின் மனு நகல் அன்று காலையில்தான் கைக்கு வந்தது. பதினேழாம் பக்கத்தில் திருத்தம்மா ஒரு வரியின் கீழே கோடு போட்டாள். ‘பதினொரு மணி நேரம் ஊறவைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு விதைகள் முளைப்பதை எங்கள் சோதனைகளில் கண்டறிந்தோம்.’

“இதை யாரோ சொல்லித்தான் இவங்க எழுதியிருக்காங்க. விதையக்கா மூணு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன்னு நேத்து சொன்னாங்க. மூணு பேரையும் பாத்துடுவோம்” என்றாள் வண்டியில்.

“போய், நீங்கதான் காட்டிக் கொடுத்தீங்களான்னு கேட்டா, ஆமாங்க, உள்ள வாங்க, காப்பி சாப்பிடுங்கன்னு சொல்லுவாங்களா?”

திருத்தம்மா பையிலிருந்து ஒரு துண்டு நோட்டீஸை எடுத்துக் காட்டினாள். ‘மைக்கண்ணி சாகுபடிக் குறிப்புகள். விதையை ______ மணி நேரம் ஊறவைக்கவும்.’

“ஊருக்காக அச்சடிக்கறோம், ஒரு இடம் விட்டுப்போச்சு, சரிபார்த்துக் குடுங்கன்னு கேப்போம். தப்பு பண்ணினவன்கூட அடுத்தவன் தப்பைத் திருத்தச் சொன்னா மறுக்கமாட்டான்.”

உரக்கடைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, யோசிக்காமல் ஏழு என்று எழுதினார்.

“செஞ்சு பாத்திருக்கீங்களா?” என்றான் விசில்.

“எதுக்கு? அதான் அக்கா செஞ்சு குடுக்குதே. ஆத்தங்கரையில இருக்கறவன் கிணறு வெட்டுவானா?”

பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், குழாய் ஒழுகிக்கொண்டிருந்த சோதனைச்சாலையில் நின்றபடியே சிவப்பு மையில் ஒன்பது என்று எழுதினார். கூடவே ‘சாகுபடி’க்குக் கீழே இருந்த ஒரு ஒற்றுப் பிழையையும் சுழித்துவிட்டார். திருத்தம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இவரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள் என்று விசில் புரிந்துகொண்டான்.

விவசாயிகள் சங்கச் செயலாளர் ஆறு என்று எழுதினார். எழுதிவிட்டு நோட்டீஸைத் திருப்பிக் கொடுக்காமல் ஆட்டிக்கொண்டே பேசினார். “எவன் சொல்லிக் குடுத்தான்னு மட்டும் கண்டுபிடிச்சு என்கிட்ட சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம். எலும்பு ஒண்ணு விடாம எண்ணிடறேன்.”

“இவர் கையில சிக்கறதுக்கு அந்த ஆள் கம்பெனியிலயே வேலைக்குச் சேர்ந்துடலாம்” என்றான் விசில், தெருவுக்கு வந்ததும். பிறகு மூன்று நோட்டீஸையும் மொபெட் சீட்டில் பரப்பி வைத்துத் தலையைச் சொறிந்தான். “ஒரே பயறு, மூணு கடிகாரம். அதுல ஒண்ணுகூட பதினொண்ணு அடிக்கல. ஞாபகம் தப்பிடுச்சா இவங்களுக்கு?”

“விசில், பஸ் டிக்கெட்டுல எதுக்கு நம்பர் போடறாங்க?”

“இது என்ன கேள்வி? எந்த டிக்கெட் எந்த ஸ்டாப்புல ஏறினவன் கைக்குப் போச்சுன்னு தெரியறதுக்கு. செக்கிங் வந்தா நம்பரைப் பாத்தே...” விசில் நிறுத்தினான். வாய் திறந்தபடி இருந்தது. “அடேங்கப்பா! அக்கா ஆளுக்கொரு டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருக்கு!”

“எல்லாமே பொய் டிக்கெட். பதினொண்ணை யாருக்குக் கிழிச்சாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். திருப்பு வண்டியை.”

விதையக்காவின் கொட்டகையில் நான்கு பெரிய சிமென்ட் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. மூட்டைகள் ஒவ்வொன்றிலும் யார் வீட்டுப் பயறு என்று துணிக்கிழிசலில் எழுதிக் கட்டியிருந்தது. விதையக்காவுக்கு ஐம்பது வயது, இறுக்கிக் கட்டிய கொண்டை. முறத்தில் பயறைத் தட்டிக்கொண்டே அவர்கள் சொன்னதைக் கேட்டாள். மூன்று நோட்டீஸையும் பார்த்ததும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

“ஆமா. ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னேன்.”

“யாரைச் சந்தேகப்பட்டு?” என்றான் விசில்.

“வீட்டைப் பூட்டிட்டுப் போனா, தெருவுல இருக்கறவங்களையெல்லாம் திருடன்னு சொல்றதா அர்த்தமா?”

“நல்லா பூட்டியிருக்கீங்க. கம்பெனி எழுதியிருக்கறது பதினொண்ணு. அது யாருக்குப் போட்ட பூட்டு?” என்றாள் திருத்தம்மா.

முறம் நின்றது. நாலைந்து பயறு தரையில் உருண்டது. விதையக்கா அதைக் குனிந்து பொறுக்கினாள். பொறுக்கி முடித்த பிறகும் நிமிரவில்லை.

“நல்லாப் பாத்தீங்களா? பதினொண்ணுன்னா போட்டிருக்கு?”

திருத்தம்மா பதினேழாம் பக்கத்தை நீட்டினாள். விதையக்கா அதைக் கையில் வாங்காமலே படித்தாள்.

“அப்படி யாருக்கும் நான் சொல்லல” என்றாள். பிறகு, “இந்தக் கேஸ் வேண்டாம். விட்டுடுங்க.”

விசிலுக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா இது! நேத்து வரைக்கும், தலையே போனாலும் விடமாட்டேன்னு நின்னது நீங்கதானே?”

“என் தலையா இருந்தா விடமாட்டேன்தான்.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் விசில் பொரிந்தான். “நாப்பது குடும்பம் மேடம்! நாளைக்கு மறுநாள் கெடு. யாரைக் காப்பாத்தறாங்க இவங்க?”

திருத்தம்மா கொட்டகைக்குப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே மூன்றே வரிசையில், குழாய்த் தண்ணீரை நம்பி ஊருக்கு முன்பே விதைத்த ஒரு சின்னத் துண்டு நிலம். வழுக்கைத் தலையில் மிச்சமிருக்கும் முடி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மைக்கண்ணி முளைத்திருந்தது. நடுவில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, விரிசல் விட்ட தண்ணீர்க் குழாயில் ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். விதையக்காவின் வீட்டுக்காரர். ஊர் அவரை ‘கைராசி’ என்று கூப்பிடும். அவர் கை வைத்த விதை முளைக்காது என்பதால் வைத்த பெயர். யார் அப்படிக் கூப்பிட்டாலும் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

“என்ன அண்ணே, செடிங்களுக்குள்ள ஏதாவது சண்டையா? இவ்வளவு தள்ளித் தள்ளி நிக்குதுங்க” என்றான் விசில்.

கைராசி சிரித்தார். “ஊர்ல எல்லார் நிலத்துலயும் முளைக்குது. நம்ம கை பட்டா மட்டும் கோவிச்சுக்குது.”

“அக்காகிட்ட குடுத்து ஊறவைக்கலாம்ல?”

“ஊருக்கெல்லாம் அவ செய்யறா. என் மூணு வரிசைக்காவது நானே செய்யறேனே. பக்குவம் தெரியாதவனா நான்?”

விசில் அடுத்த ஜோக்குக்கு வாயெடுப்பதற்குள் திருத்தம்மாவின் கை அவன் தோளில் அழுந்தியது. அவள் நான்காவது நோட்டீஸை எடுத்தாள். “அண்ணே, இதுல ஒரு இடம் விட்டுப்போச்சு. சரிபார்த்துச் சொல்றீங்களா?”

தன்னிடம் ஒரு விஷயம் கேட்டார்களே என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முழங்காலில் காகிதத்தை வைத்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார். பதினொரு.

‘உங்க பேர்லயே ராசி இருக்குண்ணே’ என்று சொல்ல வைத்திருந்ததை விசில் விழுங்கிவிட்டான்.

“சந்தேகமே வேண்டாம். பதினொண்ணுதான். அவளே சொல்லிக் குடுத்தது, பதினாலு வருஷம் ஆச்சு” என்றார்.

“வேற யார்கிட்டயாவது இதைச் சொல்லியிருக்கீங்களா?” திருத்தம்மா கேட்ட விதத்தில், அவளுக்கே இந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

“யார் என்கிட்ட வந்து கேக்கப் போறாங்க? போன வருஷம் மண் பரிசோதனைக்குன்னு ஒரு பொண்ணு வந்துது. எல்லாரும் நேரா விதையக்கா எங்கேன்னுதான் கேப்பாங்க. அந்தப் பொண்ணு இங்கயே, இந்த வரப்புல உக்காந்து, ஒரு மத்தியானம் முழுக்க என்கிட்ட பேசுச்சு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிச்சு. ஆசைப்பட்டு ரெண்டு கை பயறு கேட்டுது. குடுத்தேன்...”

பேச்சு தேய்ந்தது. திருத்தம்மாவின் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். விசிலைப் பார்த்தார். பிறகு அவர்களைத் தாண்டி, கொட்டகை வாசலில் வந்து நின்ற மனைவியைப் பார்த்தார்.

“நான்தானா?” என்றார்.

திருத்தம்மா மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நோட்டீஸ் வந்த ரெண்டு வீட்டுக்கும் ஆறுதல் சொல்லப் போனேனே. நான்தானா அது?” கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். “சரி. தப்பு என்னோடது. என்ன தண்டனையோ குடுங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, எதுக்கு இவ்வளவு நேரமா யாருமே பதினொண்ணு சரின்னு சொல்லமாட்டேங்கறீங்க?”

“சரி இல்லைங்க” என்றாள் விதையக்கா. “பதினொரு மணி நேரம் ஊறினா அழுகிடும்.”

அவர் திரும்பித் தன் மூன்று வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு செடியாக எண்ணுவது போல மெதுவாகப் பார்த்தார். விசில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பதினாலு வருஷம். வருஷா வருஷம் என் கைதான் சரியில்லைன்னு நெனச்சேன். ஊரே கைராசின்னு கூப்பிட்டுச்சு. நீயும் சிரிச்சே.”

“நம்மகிட்ட செம்மொச்சைன்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?” என்றாள் விதையக்கா. “எங்கம்மா வீட்டுலேருந்து நான் கொண்டாந்தது. கடைசிப் படி. ஒரு வியாபாரி உங்களை முதலாளின்னு கூப்பிட்டான்னு மொத்தத்தையும் தூக்கிக் குடுத்தீங்க. அதோட அந்த விதையே இல்லாம போச்சு. அன்னிக்கு முடிவு பண்ணினேன்.”

“ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.”

“திட்டியிருந்தா மறந்திருப்பீங்க.”

“சொல்லியிருந்தா திருந்தியிருப்பேன்.” அவர் எழுந்தார். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டவில்லை. “கம்பெனிக்காரன் பூட்டினா திருட்டு. நீ பூட்டினா அதுக்குப் பேர் பக்குவமா?”

விதையக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

திருத்தம்மாதான் பேசினாள். மெதுவாக, ஆனால் சுற்றி வளைக்காமல். “அண்ணே, தண்டனை குடுக்க நாங்க வரல. இந்தப் பதினொண்ணுதான் நமக்குக் கிடைச்ச ஒரே ஆயுதம். ஆய்வகத்துல செஞ்சு பாத்திருந்தா இது தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். செய்யாமலே தொண்ணூத்தாறுன்னு எழுதியிருக்காங்க. உங்ககிட்ட கேட்டு எழுதினதுன்னு நீங்க வந்து சொல்லணும். அந்தத் தப்பு உலகத்துலயே உங்க ஒருத்தர்கிட்டதான் இருந்துதுன்னு அக்கா சொல்லணும். ஒருத்தர் சொன்னா பத்தாது.”

“அதாவது, நான் உளறிக் கொட்டிட்டேன்னு நான் சொல்லணும். என் பொண்டாட்டி என்னை நம்பலைன்னு அவ சொல்லணும். ஊர் முன்னால.”

“ஆமா.”

இதைக் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாமே என்று விசிலுக்குத் தோன்றியது. பிழைக்குப் பவுடர் போடுவது அவளுக்குத் தெரியாத வேலை.

“யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு, குழாயை அப்படியே போட்டுவிட்டு, கைராசி வரப்பு வழியாக நடந்து போனார். எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்காத நடை.

வெள்ளிக்கிழமை விதையக்காவின் கையெழுத்தோடு எதிர்ப்பு மனு பதிவானது. தனியுரிமை அலுவலக அதிகாரி, கம்பெனி தன் மனுவோடு கொடுத்திருந்த மாதிரிப் பயறிலிருந்தே நூறு எண்ணி எடுத்துத் தன் அறையில் பதினொரு மணி நேரம் ஊறவைத்து, ஈர மண் தட்டில் விதைத்து, முத்திரை வைத்துப் பூட்டச் சொன்னார். விசாரணை அடுத்த வியாழக்கிழமை. அதுவரை கைராசி ஒரு பதிலும் சொல்லி அனுப்பவில்லை.

விசாரணை அறையில் நாற்பது குடும்பங்களும் பின்வரிசைகளில் நெருக்கியடித்து நின்றன. விதையக்கா முன்வரிசையில், பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலியிடத்தை யாரும் கேட்கவில்லை. பத்து மணி ஆகி இருபது நிமிஷம் கழித்து, தேய்த்த சட்டையோடு கைராசி வந்தார். அந்த இடத்தில் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார்.

கூப்பிட்டதும் வந்து, நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். வரப்பு, மத்தியானம், நோட்டுப் புத்தகம், இரண்டு கைப் பயறு. பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் ஏதோ கெட்ட வார்த்தையை மென்று விழுங்குவது விசிலுக்குக் கேட்டது. அடுத்து விதையக்கா எழுந்து, பதினொன்று தன் கணவருக்கு மட்டும் சொன்ன பொய் என்றாள். சலசலப்பு சட்டென்று அடங்கியது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். “இது புருஷன் பொண்டாட்டி சண்டை. எங்க ஆய்வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.”

அதிகாரி தட்டின் முத்திரையை உடைக்கச் சொன்னார். மூடியைத் தூக்கியதுமே பக்கத்தில் நின்ற குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டார். நூறில் ஒன்பது முளைத்திருந்தது. மற்றதெல்லாம் கூழ்.

“தொண்ணூத்தாறு எங்கே?” என்றார் அதிகாரி. கம்பெனி ஆய்வாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜையைப் பார்த்தார். “இந்தச் சோதனையை எந்தத் தேதியில செஞ்சீங்க? பதிவேடு கொண்டு வந்திருக்கீங்களா?”

இல்லை. அவகாசம் வேண்டும் என்றார்கள். சோதனை செய்ததாகப் பொய் சொன்ன மனுவுக்கு அவகாசம் இல்லை என்றார் அதிகாரி. பிறகு விதையக்கா பக்கம் திரும்பினார். “சரியான நேரம் எவ்வளவும்மா? இங்க சொன்னா பதிவுல ஏறிடும். அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சது. நாளைக்கு இவங்களோ வேற எவனோ வந்து, நான்தான் கண்டுபிடிச்சேன்னு கேக்க முடியாது. உங்களுக்கும் அது தனி ரகசியமா இருக்காது.”

அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிரித்தன. கடைசியில் சொன்னபோது, அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரோரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நாலு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது. ஊறினதும் நிழல்ல ரெண்டு நாள்.”

குமாஸ்தா தட்டச்சு செய்தார். சுவரோரத்தில் கைராசியின் உதடுகள் ஓசையில்லாமல் ‘நாலு’ என்று அசைந்தன.

கம்பெனியின் மனு தள்ளுபடி. நோட்டீஸ்கள் ரத்து. மேல்முறையீட்டுக்குக் கம்பெனிக்கு அறுபது நாள் அவகாசம். விதைப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வராந்தாவில் எல்லாரும் விதையக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். கைகொடுத்தார்கள், ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்காமல் பேசினார்கள். தூணோரம் நின்ற கைராசியைச் சுற்றி மட்டும் நாலடிக்கு இடம் காலியாக இருந்தது. செயலாளர் அவரைக் கடந்து போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலும்பை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

விசில் போய் அவர் பக்கத்தில் நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல், “பஸ் எத்தனை மணிக்குண்ணே?” என்றான்.

“ஒண்ணரைக்கு ஒண்ணு இருக்கு.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு விதையக்கா வந்தாள். கணவருக்கு எதிரே நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று விசில் நினைத்து நகரப் பார்த்தான். அவள் கேட்டது வேறு.

“அந்தப் பொண்ணு ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தான்னீங்களே. வேற என்ன கேட்டா?”

“எனக்கு ரொம்பப் பிடிச்ச பயிர் எதுன்னு கேட்டா.”

விதையக்கா அவர் முகத்தையே பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதை அவள் கேட்டதில்லை.

“என்ன சொன்னீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அது ஒண்ணாவது என்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, படியிறங்கினார்.